சௌதார் குளம் யாருடைய சொத்து?

கொங்கணக் கடற்கரைப் பகுதியிலே, சாவித்திரி ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் மகத். 20-3-1927 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் அவ்வூரின் சௌதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீரை அள்ளிப் பருகினார். இச்செய்தியை நம் சமுதாயத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். மேடைதோறும் அது பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதே. ஆனால் அந்த ஒரு கை நீரின் பொருட்டு ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக, மூன்று நீதிமன்றங்களின் படிகளில் ஏறியிறங்கிய ஒரு சொத்து வழக்கு உண்டு என்பதை அறிந்தோர் சிலரே ஆவர். அவ்வழக்கில் அண்ணல் வாதியல்லர், பிரதிவாதி. 'இக்குளம் எங்களுடைய சொத்து. இதில் இவர்கள் இறங்கக் கூடாது' என்று வழக்குத் தொடுத்தவர்கள் மகத் நகரத்துச் சாதி இந்துக்கள்.

சமூக விடுதலை வரலாறாக இந்நிகழ்ச்சியைக் கற்றிருக்கிறோம். சொத்துரிமையின் வரலாறாகவும் இதனைக் கற்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில் நாம் விலக்கி வைக்கப்பட்ட இடங்களிலெல்லாம் 'இது எங்களுக்கு உரியது' என்ற சொல்லே வாயிற் கதவாக நின்றது. அச்சொல்லைச் சட்டம் எவ்வாறு எடைபோடுகிறது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

சொத்து என்றால் என்ன என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் வீட்டையும் வயலையும் ஆட்டையும் மாட்டையும் சொல்வார்கள். சட்டத்தின் நோக்கில் சொத்து என்பது பொருளன்று. அப்பொருளின்மேல் ஒருவருக்குள்ள உரிமைகளின் தொகுப்பே சொத்து. துய்த்தல், குத்தகைக்கு விடுதல், விற்றல், மக்களுக்கு வைத்துச் செல்லுதல் ஆகியவை அத்தொகுப்பில் அடங்கும். பிறரை உள்ளே விடாமல் விலக்கும் உரிமையும் அதில் ஒன்று. உடைமையாளரின் கையிலுள்ள ஆயுதங்களில் கூர்மையானது இதுவே. ஆயினும் அந்த ஆயுதத்தை எடுப்பவர் முதலில் தாம் உடைமையாளர் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். ஓர் உரிமையைக் கோரி நீதிமன்றம் வருபவரே அதற்கு அடிப்படையான செய்திகளை எண்பிக்கக் கடமைப்பட்டவர் என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. 1-7-2024 முதல் அச்சட்டத்தின் இடத்திற்குப் புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது. இவ்விதி மட்டும் மாறவில்லை. மகத் வழக்கு முழுவதும் இந்த ஒரு விதியின் அச்சில்தான் சுழன்றது.

வழக்கின் வேர் 1923ஆம் ஆண்டில் இருக்கிறது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 4ஆம் நாள் சீத்தாராம் கேசவ் போலே என்னும் உறுப்பினர் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுப் பணத்தில் கட்டப்பட்டோ பராமரிக்கப்பட்டோ வரும் நீர்நிலைகள், கிணறுகள், சத்திரங்கள், அவ்வாறே அரசினர் பள்ளிகள், நீதிமன்றங்கள், அலுவலகங்கள், மருந்தகங்கள் ஆகியவற்றைத் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்த விடவேண்டும் என்பது அத்தீர்மானம். அது நிறைவேறியது. போலே எவரிடமும் இரக்கம் வேண்டவில்லை. பணம் எவருடையது என்று கேட்டார். வரி கொடுப்போர் அனைவரின் பணத்திலும் வெட்டிய கிணறு அனைவருக்கும் உரியது என்ற கணக்கை அவையின்முன் வைத்தார். அரசு அதை ஏற்றுத் துறைகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் தெரிவித்தது. மகத் நகரசபையும் 1924 சனவரியில் சௌதார் குளத்தைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் இயற்றியது.

அதே 1924இல் நம் சென்னைச் சட்டமன்றத்திலும், பொதுச்சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லோருக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்ற தீர்மானத்தை ராவ்பகதூர் ரெட்டைமலை சீனிவாசன் அவர்கள் நிறைவேற்றினார்கள். ஆறாண்டுகளுக்குப் பின் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவரும் அவரே.

தீர்மானங்கள் ஏட்டில் இருந்தன; குளத்தங்கரையில் இல்லை. மகத் நகரசபை திறந்துவிட்ட குளத்தில் மூன்றாண்டுகளாகியும் நம் மக்கள் எவரும் இறங்கவில்லை, இறங்க அஞ்சினர். 1927 மார்ச்சு 19, 20 நாட்களில் கொலாபா மாவட்டத் தாழ்த்தப்பட்டோர் மாநாடு மகதில் கூடியது. இராமச்சந்திர பாபாஜி மோரே போன்ற இளைஞர்கள் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டியிருந்தனர். வந்தவர்கள் குடிக்க நாற்பது ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது என்று அண்ணலின் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. சட்டப்படி தங்களுக்குத் திறந்துவிடப்பட்ட குளம் கூப்பிடு தூரத்தில் கிடக்க, தண்ணீருக்கு நாற்பது ரூபாய்! இரண்டாம் நாள் இறுதியில் அனந்தராவ் சித்ரே, நகரசபையின் தீர்மானத்தை இன்றே செயற்படுத்துவோம் என்று எழுந்து கூறினார். சித்ரே நம் இனத்தவரல்லர்; நகரசபைத் தலைவராக இருந்து துணை நின்ற சுரேந்திரநாத் திப்னிசும் அப்படியே. மாநாடு ஊர்வலமாயிற்று. அண்ணல் நீர் பருகினார், ஆயிரக்கணக்கானோர் பருகினர்.

பின்னர் நடந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்ற வதந்தி கிளம்பியது. உணவருந்திக்கொண்டிருந்தவர்களும் ஊர் திரும்பியவர்களும் தாக்கப்பட்டனர். தாக்கியோரில் சிலர் பிறகு சிறைத்தண்டனை பெற்றனர். நூற்றெட்டுக் குடங்களில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்துக்குத் 'தூய்மை' செய்தார்கள். சாணம் கலந்த நீர் தூயது, மனிதக் கை பட்ட நீர் தீட்டு என்ற அந்தக் கணக்கை இன்று படிக்கும் மாணவன் சிரித்துவிட்டுப் போகலாம். அன்று அது ஓர் ஊரின் சட்டம். 1927 ஆகஸ்டில் நகரசபை தன் பழைய தீர்மானத்தைத் தானே நீக்கிக்கொண்டது.

இங்குச் சற்று நிற்போம். நகரசபை என்பது மக்களின் பெயரால் சொத்தை வைத்திருக்கும் அமைப்பு. தனி மனிதன் தன் வீட்டைப் பூட்டுவதுபோல அது குளத்தைப் பூட்ட இயலாது. பொதுச்சொத்தின் உடைமை என்பது உரிமையைவிடக் கடமையே மிகுந்தது. அக்கடமையை மகத் நகரசபை கைகழுவியது. ஊரில் பெரும்பான்மையினர் முகம் சுளித்தால் எழுதிய தீர்மானத்தையே அழித்துவிடும் இந்தக் கோழைத்தனத்தை நம் ஊர்களிலும் கண்டிருக்கிறோம்.

டிசம்பரில் மீண்டும் மாநாடு கூட்டி, மீண்டும் குளத்தில் இறங்குவது என்று அண்ணல் முடிவு செய்தார். எதிர்த்தரப்பினர் இம்முறை தடியை எடுக்கவில்லை, வழக்குமன்றத்தை நாடினர். 12-12-1927 அன்று மகத் கீழ்க்கோர்ட்டில் வழக்குப் பதிவாயிற்று. குளம் தீண்டத்தக்க வகுப்பாரின் தனிச்சொத்து என்று அறிவிக்க வேண்டும். பிரதிவாதிகள் அதில் இறங்கவோ நீர் எடுக்கவோ கூடாதென நிரந்தரத் தடை விதிக்க வேண்டும் என்பன கோரிக்கைகள். இரண்டே நாளில், 14ஆம் தேதி, இடைக்காலத் தடை உத்தரவும் கிடைத்தது.

மாநாட்டுப் பந்தல் போடவும் சாதி இந்துக்கள் எவரும் இடம் தரவில்லை. தம் நிலம், தம் விருப்பம்; சட்டம் அதில் தலையிட இயலாது. ஃபத்தேகான் என்ற இசுலாமியப் பெரியவர் தம் நிலத்தைக் கொடுத்தார். உடைமையாளர் என்ற அதே உரிமையால் ஒருவர் கதவை அடைக்கிறார், மற்றொருவர் திறக்கிறார். அந்நிலத்தில்தான் 25-12-1927 அன்று மனுநூல் எரிக்கப்பட்டது.

கூடியிருந்தவர்கள் தடையை மீறிக் குளத்தில் இறங்கக் கொதித்து நின்றனர். அண்ணல் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். போராட்டத்தைத் தள்ளிவைக்கச் செய்து, மக்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலமாக வந்து திரும்புமாறு செய்தார். அன்று அவரைக் குறைகூறியவர்கள் உண்டு. நான் அதனைப் பின்வாங்கல் என்று கருதவில்லை. நம்மிடம் பணமில்லை, ஆள்பலமும் பல ஊர்களில் இல்லை. எஞ்சி நிற்பது சட்டம் ஒன்றே. அதனையும் நாமே மீறினால் எதிரி கைக்கு அது முழுமையாகப் போய்விடும். பாரிஸ்டர் படித்தவர் அல்லவா, இதை அவர் அறிந்திருந்தார். தடை உத்தரவு 23-2-1928 அன்று நீக்கப்பட்டது. முதன்மை வழக்கு தொடர்ந்து நடந்தது.

அவ்வழக்கில் வாதிகள் வைத்த வாதங்கள் இரண்டு. ஒன்று, குளம் எங்கள் சொத்து. மற்றொன்று, சொத்தில்லை என்றே வைத்துக்கொண்டாலும், எங்கள் வகுப்பார் மட்டுமே அதனைப் பயன்படுத்துவது நினைவுக்கெட்டாத காலந்தொட்டு வரும் வழக்காறு, வழக்காறும் சட்டமே.

முதல் வாதம் எளிதில் விழுந்தது. நான்கைந்து ஏக்கர் பரப்புள்ள அக்குளம் மழைநீராலும் ஊற்றுநீராலும் நிரம்புவது. சுற்றிலும் நகரசபைச் சாலை. சாலைக்கு அப்பால் பெரும்பாலும் சாதி இந்துக்களின் வீடுகள். வீட்டுக்காரர்கள் பலருக்குக் கரையோரத் துண்டு நிலங்களும், நீருக்கு இறங்கும் படித்துறைகளும் சொந்தமாக இருந்தன. கரை சொந்தமானால் தண்ணீரும் சொந்தமாகிவிடுமா? ஆகாது. குளத்தைத் தாங்கள் வெட்டியதற்கோ வாங்கியதற்கோ வாதிகளிடம் பத்திரம் ஏதுமில்லை. குளம் அரசுக்குரியதாக இருந்து, 1901ஆம் ஆண்டின் பம்பாய் மாவட்ட நகரசபைச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி நகரசபையிடம் ஒப்படைவானது என்று தெளிவாயிற்று.

இரண்டாம் வாதமே உண்மையில் ஆபத்தானது. ஏனெனில் நம் மக்கள் அக்குளத்தில் நீர் எடுத்ததில்லை என்பது கண்கூடு. விசாரணை நீதிபதியும் விலக்கிவைக்கும் வழக்கம் நெடுநாள் இருந்துவந்தது என்றே ஏற்றார். ஆனால் ஒரு சாரார் பயன்படுத்தாமல் இருந்தார்கள் என்பதாலேயே மறு சாராருக்கு அதில் தனியுரிமை பிறந்துவிடாது என்று கூறி, 1931 சூனில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். இவ்வாசகத்தை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நாம் செல்லாமலிருந்த தெரு, இறங்காமலிருந்த குளம், அமராமலிருந்த திண்ணை ஆகிய எதிலும் நம் உரிமை மடிந்து போய்விடவில்லை.

வாதிகள் தாணா நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து 1933 சனவரியில் தோற்றனர். பின்னர் பம்பாய் உயர்நீதிமன்றம் சென்றனர். அங்கு விசாரித்தவர்கள் நீதிபதி புரூம்ஃபீல்டும் நீதிபதி வாடியாவும். 1922இல் அகமதாபாத்தில் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்த புரூம்ஃபீல்டுதான் இவர். தீர்ப்பு 17-3-1937 அன்று வெளியாயிற்று. அண்ணல் நீர் பருகிய நாளிலிருந்து எண்ணினால் பத்தாண்டுகள் நிறைவதற்கு மூன்று நாட்களே குறைவு.

தீர்ப்பின் மையம் இதுவாகும். பழைமையான வழக்காறு என்பவர் அதன் பழைமையை மெய்ப்பிக்க வேண்டும். இப்போது நடப்பதைக் கொண்டே என்றும் இப்படித்தான் நடந்தது என்று ஊகிப்பது சில வழக்குகளில் பொருந்தலாம், இங்குப் பொருந்தாது. குளத்தைச் சுற்றிச் சாதி இந்துக்களின் வீடுகள் எழுந்த பின்னரே நீரைத் தங்களுக்கு மட்டும் ஆக்கிக்கொள்ளும் முயற்சி தோன்றியிருக்கக்கூடும்; அதற்கு முன்னும் விலக்கு இருந்தது என்பதற்குச் சான்றில்லை. கோயில் நுழைவு பற்றிய பழைய தீர்ப்புகளை இயற்கையான ஒரு நீர்நிலைக்கு அப்படியே பொருத்த முடியாது. இசுலாமியரும் அக்குளத்து நீரை எடுக்கலாம் என்னும்போது, அது ஒரு வகுப்பாரின் தனித்துறை என்ற பேச்சும் வலுவிழந்தது. மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று.

இத்தீர்ப்பைப் பற்றி நம் மேடைகளில் வழங்கும் ஒரு தவறான செய்தியையும் இங்குத் திருத்திவிட வேண்டும். 'தீண்டாமை சட்டவிரோதம் என்று 1937இல் உயர்நீதிமன்றம் கூறிவிட்டது' என்று பேசுகிறார்கள். அவ்வாறு அந்நீதிமன்றம் கூறவில்லை. வழக்காறு மெய்ப்பிக்கப்பட்டிருந்தால், அது நியாயமானதுதானா, பொதுநலனுக்கு முரணானதா என்று ஆராய நேர்ந்திருக்கலாம் என்று குறிப்பிட்டதோடு நின்றுகொண்டது. மெய்ப்பிக்கப்படவில்லை, ஆகவே ஆராயவில்லை. அதாவது, வாதிகளிடம் பழைய ஓலையோ செப்பேடோ ஒன்று இருந்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. வெற்றி நமக்கே, ஆனால் அவ்வெற்றி எதிரியின் பெட்டியில் ஆவணம் இல்லாததால் வந்தது.

ஆவணம் இல்லாமல் மகத்துச் செல்வர்கள் தோற்றார்கள். ஆவணம் இருந்தும் தோற்றுக்கொண்டிருப்பவர்கள் நம் மக்கள். செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் நம் முன்னோரின் நிலையை நேரிற் கண்டு அரசுக்கு எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 30-9-1892இல் வருவாய்த்துறையின் 1010ஆம் எண் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதன்படி ஒப்படைக்கப்பட்ட நிலமே. அந்நிலத்தைப் பெற்றவர் முதற் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். விற்கும் உரிமையைக் குறுக்கியதால் இது குறைபட்ட சொத்து என்று சிலர் நினைக்கின்றனர். கடனுக்கும் கலியாணச் செலவுக்கும் நிலம் எவ்வளவு விரைவில் கைமாறும் என்பதை அறிந்தவர்கள் வைத்த வேலி அது. வேலி இருந்தும் நிலம் போயிற்று. கைநாட்டு வாங்கிப் போயிற்று. பட்டா மாற்றத்தில் போயிற்று. மூல ஆணையையே அறியாததால் போயிற்று. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்பதற்கான போராட்டத்தின்போது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீசார் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர்.

ஆகவே, நம் சங்கத்தால் படித்து உத்தியோகம் பெற்ற இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாட்டன் காலத்துத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதிலிருக்கும் ஒப்படை ஆணை, கிரயப் பத்திரம், கிஸ்து ரசீது ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறை நீங்களாக இருக்கக்கூடும். தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டையும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றையும் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டா வேறு, கிரயப் பத்திரம் வேறு. பட்டா வருவாய்ப் பதிவு, பத்திரமே உரிமை மாறியதைக் காட்டுவது. இவ்வேறுபாட்டை அறியாமல் ஏமாந்த குடும்பங்களை என் ஆசிரியப் பணிக்காலத்தில் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். சங்கம், விடுதி, படிப்பகம் என்று நாம் பொதுவில் எழுப்பும் கட்டடங்களுக்கும் இதே கணக்குத்தான். மனை ஒருவர் பெயரிலும் கட்டடம் சங்கத்தின் பெயரிலும் இருக்க விடலாகாது. அவர் மறைந்தபின் வாரிசுகள் வருவார்கள். வீட்டு வரி கட்டுவதும் ரசீதைக் காப்பதும் பொதுச்சொத்தை வைத்திருப்போரின் கடமை. மகத் நகரசபையைக் குறைகூறும் நாம் அதில் அலட்சியமாக இருக்கலாகாது.

1937இல் உயர்நீதிமன்றம் தொடாமல் விட்ட கேள்விக்கு விடை சட்டமன்றங்களிலிருந்து வந்தது. 26-1-1950 முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைவிட மகத் வழக்கோடு நெருங்கிய உறவுடையது 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. அரசுப் பணத்தால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படுவனவும், பொதுமக்கள் பயன்பாட்டுக்கென விடப்பட்டனவுமாகிய கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று அது கூறுகிறது. போலேயின் தீர்மானத்தை அருகில் வைத்துப் படித்தால் அதே குரல் கேட்கும். ஒரு வேறுபாடும் உண்டு. போலே பொதுப் பணத்தை மட்டும் அடிப்படையாக வைத்தார். அரசியல் சட்டமோ ஒருபடி மேலே சென்று, தனியார் வெட்டியதாயினும் பொதுப் பயனுக்கு விட்டுவிட்டால் அதன்பின் ஆளைப் பிரித்துப் பார்க்க வழியில்லை என்று ஆக்கியது. வரைவுக்குழுவின் தலைவராக இருந்தவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இன்னும் நுட்பமானது. 1976இல் திருத்தப்பெற்றுக் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது அதுவே. பொதுமக்களோ, பொதுமக்களில் ஏதேனும் ஒரு பகுதியினரோ பயன்படுத்த உரிமையுள்ள எந்த நீர்நிலையிலும் தீண்டாமையின் பேரால் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று அதன் 4ஆம் பிரிவு விதிக்கிறது. 'ஏதேனும் ஒரு பகுதியினர்' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். 'இது ஊருக்குப் பொதுவன்று, எங்கள் வகுப்பாருக்கு மட்டுமே பொது' என்று 1927இல் மகதில் எழுந்த வாதத்துக்கு அச்சொற்களே பூட்டு.

சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் உள்ள உரிமை 1950இல் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக இருந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அது அவ்வரிசையிலிருந்து எடுக்கப்பட்டு, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்னும் 300-அ பிரிவாக வேறிடத்தில் வைக்கப்பட்டது. குளத்துக்கும் கிணற்றுக்கும் வழி திறந்த 15ஆம் பிரிவு அடிப்படை உரிமைகள் பகுதியிலேயே இருக்கிறது.